வடக்கு தெரியாத செயலி

நான் சில வருடங்களாகச் சந்தா கட்டிவரும் வானம் பார்க்கும் செயலி இந்த வாரம் பாதி விலைக்கு வந்திருக்கிறதாம். "வாங்கலாமா?" என்று கூட வேலை பார்க்கும் நண்பர் கேட்டார். வாட்ஸப்பில் பதில் அடிக்க ஆரம்பித்து, அது நீண்டுகொண்டே போனதால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். செயலியின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகிற குறை இந்த வகைச் செயலிகள் பலவற்றுக்கும் பொது. போனை வானத்துக்கு நேராகப் பிடித்தால் நட்சத்திரத்தின் பெயர் சொல்லும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நேராகச் சண்டைக்கு வருகிறேன். இதற்கு வடக்கு தெரியாது.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். மாசி மாதம் ராத்திரி ஒன்பது மணிவாக்கில் அகத்தியர் நட்சத்திரம் (ஆங்கிலத்தில் கனோபஸ்) மாடியிலிருந்து நேர் தெற்கே தெரியும். வானத்தில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான், தவறவே விட முடியாது. செயலியைத் தூக்கிப் பிடித்தால் அகத்தியர் இரண்டு முஷ்டி தள்ளி மேற்கே நிற்கிறார். (கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ பத்து பாகை. இந்தக் கணக்கு எந்தச் செயலியையும்விட நம்பகமானது.) பொதிகை மலை எங்களுக்கு மேற்கேதான். சரி, சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார் போல என்று முதலில் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அகத்தியரின் உயரத்தைச் செயலி மிகச் சரியாகக் காட்டும். திசைதான் தப்பும். காரணம் எளிது. போன் வானத்தைப் பார்ப்பதே இல்லை. மணி என்ன, நாம் பூமியில் எந்த இடத்தில் நிற்கிறோம், போன் எப்படிச் சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற நாலு விஷயத்தை வைத்துக் கணக்குப் போட்டு வரைகிறது. அதனால்தான் மேகம் மூடினாலும், பட்டப்பகலானாலும் படம் மாறாமல் வருகிறது. சாய்வைச் சொல்வது புவியீர்ப்பை உணரும் சென்சார். ஈர்ப்பை யாரும் கலைக்க முடியாது. திசையைச் சொல்வது காந்த சென்சார். பூமியின் காந்தப்புலம் நம் பக்கம் 40 மைக்ரோடெஸ்லா அளவுதான். பக்கத்தில் கிடக்கும் எந்த இரும்பும் அதைக் குழப்பிவிடும்.

வட கனடாவில் இருப்பவன் காம்பஸைக் குறை சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். அங்கே காந்தப்புலம் ஏறக்குறைய செங்குத்தாகத் தரைக்குள் இறங்குகிறது, கிடைமட்டத்தில் மிச்சம் கொஞ்சம்தான். நாங்கள் இருப்பதோ காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்தது அந்தக் கோடு அருகில் போவதால்தான்; இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்துக்குத் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் இருப்பதற்கும் அதுதான் காரணம். புலம் இங்கே தரையோடு தரையாகக் கிடக்கிறது. காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் வித்தியாசமும் ஓரிரு பாகைதான். காம்பஸுக்கு இதைவிட வசதியான ஊர் உலகத்தில் கிடைப்பது கஷ்டம். இங்கே வந்து திணறினால் எப்படி?

நியாயமாகச் சொன்னால் பாதிப் பழி எங்கள் மொட்டைமாடிக்கும் போகவேண்டும். தளத்துக்குள் முழுக்கக் கம்பி, தண்ணீர்த் தொட்டிக்கு இரும்பு ஸ்டாண்டு. போன் கவரின் மடிப்பில் மூடிக்கொள்ள ஒரு காந்தத்துண்டு. கவரைக் கழற்றி, குளத்தங்கரையில் போய் நின்றால் பிழை ஒரு முஷ்டிக்கும் கீழே வந்துவிடுகிறது. ஆனால் வானம் பார்க்க ஒவ்வொரு ராத்திரியும் குளத்தங்கரைக்குப் போகிற ஆளா நான்?

மீதிப் பழி செயலிக்குத்தான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆண்ட்ராய்டு, காந்த சென்சாரின் நிலையை "நம்ப முடியாது, குறைவு, நடுத்தரம், அதிகம்" என்று படிவாரியாகச் செயலிக்குச் சொல்லிவிடுகிறது. அதைத் திரை மூலையில் சின்னதாகக் காட்டினால் என்ன கெட்டுப்போகும்? காட்டாது. எல்லாம் சரியாக இருப்பதுபோல ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி வட்டம் போட்டுப் பெயரும் எழுதிவிடும். புதிதாகப் பார்க்கிறவர் அது காட்டுகிற இடத்தில் இருக்கும் வேறொரு நட்சத்திரத்தை அகத்தியர் என்று நம்பிக்கொண்டு படுக்கப் போவார். எப்போதாவது மனசாட்சி உறுத்தினால் "போனை எட்டு வடிவத்தில் அசைக்கவும்" என்று கேட்கும். லைசென்ஸ் எடுக்க ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போடுவதுபோல இருட்டில் மாடியில் நின்று கையைச் சுழற்றவேண்டும். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் "உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்றே கேட்டுவிட்டார்.

இன்னொன்று. சிவப்புத் திரை வசதி நன்றாகவே செய்திருக்கிறார்கள். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், சிவப்பு வெளிச்சம் அதைக் கெடுக்காது. அப்படிப் பழகி முடிக்கும் நேரம் பார்த்து "மேல்நிலைச் சந்தாவுக்கு மாறுங்கள்" என்று பளீர் வெள்ளையில் ஒரு விளம்பரம் திரை முழுக்க வரும். பணம் கட்டியவனுக்கும் வரும்.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்றால், கீழே ஒரு பட்டை இருக்கிறது. காலத்தை முன்னும் பின்னும் தள்ளும் பட்டை. வாங்கும்போது அதை நான் கவனிக்கவே இல்லை. இன்று செயலியைத் திறப்பதே பெரும்பாலும் அதற்காகத்தான். காம்பஸை அணைத்துவிட்டு விரலால் வானத்தை நகர்த்திக்கொண்டால் அதற்கு மாடியும் வேண்டாம், வடக்கும் வேண்டாம்.

சித்தி மகள் கல்யாணம் வைகாசியில் நடந்தது, காலை ஒன்பது மணி முகூர்த்தம். ஐயர் மணமக்களை வெளியே கூட்டிவந்து அருந்ததி பார்க்கச் சொன்னார். எல்லாரும் சூரிய வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். நான் போனை எடுத்துப் பார்த்தேன். அருந்ததி வடக்கே தொடுவானத்துக்குக் கீழே இருபத்தைந்து பாகைக்கும் கூடுதலான ஆழத்தில் கிடந்தது.

"ஏல, முகூர்த்த நேரத்துல செல்லுல என்னத்தப் பாக்க?" என்றார் சித்தப்பா.

"அருந்ததி இப்போ தரைக்கு அடியில இருக்கு சித்தப்பா."

"அதுக்கு? தோண்டியா பாக்க முடியும்? பேசாம இரு."

பட்டையைத் தள்ளிப் பார்த்தேன். அதே முகூர்த்த நேரம் தை மாதமாக இருந்தால் அருந்ததி வடமேற்கே தொடுவானத்துக்கு மேலேதான் இருக்கும். வெயிலில் தெரியாது, ஆனால் ஐயர் கை காட்டுவதில் ஓர் அர்த்தம் இருக்கும். வைகாசிக் கல்யாணத்துக்கு அன்றைக்கு ராத்திரி ஒன்பது ஒன்பதரைதான் தோது: சப்தரிஷி மண்டலத்து வசிஷ்டரும் ஒட்டினாற்போல அருந்ததியும் நேர் வடக்கே, தொடுவானத்துக்கும் தலைக்கும் நடுவில் பாதி உயரத்தில். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மணமக்களையும் நாலு வாண்டுகளையும் மண்டபத்து மாடிக்குக் கூட்டிப்போனேன். செயலி வழக்கம்போல அருந்ததியைச் சமையல்கட்டுப் புகைக்கூண்டுக்கு மேலே காட்டியது. நல்லவேளை, சப்தரிஷி மண்டலத்தைக் கண்டுபிடிக்கச் செயலி தேவையில்லை. மணப்பெண்ணுக்குக் கண்ணாடி போட்டால் இரண்டு நட்சத்திரமும் தனித்தனியாகத் தெரிந்தது, மாப்பிள்ளைக்கு ஒன்றுதான். அதை வைத்து அவரை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வசிஷ்டர் உண்மையில் நான்கு நட்சத்திரங்களின் கூட்டம், அருந்ததி இரண்டு என்று செயலியின் குறிப்பில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். அந்தக் குறிப்புகளில் நான் சரிபார்த்த எதுவும் இதுவரை தப்பாக இருந்ததில்லை, அதையும் சொல்லிவிடவேண்டும்.

பட்டையை இரண்டாயிரம் வருடம் பின்னால் இழுத்தது ஒரு மழைநாளில். பூமியின் அச்சு பம்பரம்போல ஆடி ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 26,000 வருடம் ஆகும் என்று பள்ளியில் படித்ததுதான். ஆனால் அதைச் சொந்த ஊர் வானத்தில் பார்ப்பது வேறு. இன்றைக்கு வானத்தின் வடதுருவத்திலிருந்து (வானமே சுற்றுவதுபோலத் தெரிகிற மையப்புள்ளி) ஒரு பாகைகூட விலகாத துருவ நட்சத்திரம் அன்றைக்குப் பன்னிரண்டு பாகை தள்ளி இருந்தது. நெல்லையில் அந்தத் துருவமே தொடுவானத்திலிருந்து ஒன்பது பாகை உயரத்துக்குள்தான். ஆக, பொருநை (தாமிரபரணி) கரையில் அன்று நின்றவனுக்கு இந்த "நிலையான" நட்சத்திரம் தினமும் உதித்து மறைந்திருக்கிறது! தெற்கே சிலுவை மண்டலம் இன்றைக்கு இருப்பதைவிட பத்து பாகைக்கு மேல் உயரத்தில் நின்றிருக்கிறது. அன்று கரண்டு போகும்வரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றதெல்லாம் சுமார். விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும் நேரத்தை நிமிடம் பிசகாமல் சொல்லும், அதற்கு இலவசத் தளங்களே போதும். 2024 அக்டோபரில் சுசின்ஷான்–அட்லஸ் வால்நட்சத்திரம் சாயங்கால வானத்துக்கு வந்தபோது தகவலைச் சரியாகத்தான் கொடுத்தது; அதே வாரம் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிட்டது. அதற்குச் செயலி என்ன செய்யும்? கணினி இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டெல்லேரியம் என்ற வானம் காட்டும் மென்பொருள் இலவசம், திறந்த மூலம், 2000-இல் ஃபாபியன் ஷெரோ தொடங்கியது. காலப் பட்டை சமாசாரம் எல்லாம் அதிலும் உண்டு, பெரிய திரையில் இன்னும் அழகாக.

அதனால் நண்பரிடம் வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். பாதி விலைக்கும் வேண்டாம். வானத்தை நோக்கிப் பிடி, பெயர் சொல்கிறேன் என்று விற்றுவிட்டு அதை மட்டும் ஒழுங்காகச் செய்யாத பொருளை எப்படிச் சிபாரிசு செய்வது? ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கவரைக் கழற்றுங்கள், தொட்டிப் பக்கம் நிற்காதீர்கள், தெரிந்த நட்சத்திரம் ஒன்றை முதலில் பிடித்துப் பிழை எத்தனை முஷ்டி என்று பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு காம்பஸை அணைத்துவிடுங்கள்.

மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அந்த வெள்ளை விளம்பரத்தை எடுத்தால் மூன்று தருவேன். என் சந்தாவைப் போன வாரம் முழு விலைக்குப் புதுப்பித்தேன். தள்ளுபடியை அதற்குப் பிறகுதான் அறிவித்திருக்கிறார்கள், அந்த எரிச்சலும் இந்த இரண்டில் சேர்த்தி.