பிரஷர் பம்ப் ‘காயில் போச்சு’ என்று சொன்னால் உஷார்

கோவை துடியலூர் பக்கம் எங்கள் வீடு, முழுக்க போர் தண்ணீர்தான். சம்பிலிருந்து குழாய்களுக்குத் தள்ள ஒரு பிரஷர் பம்ப், பக்கத்தில் 24 லிட்டர் பிரஷர் டேங்க். போன மாதம் குழாயைத் திறந்தால் தண்ணீர் சீறும், உடனே நூலாக இளைக்கும், மறுபடி சீறும். மோட்டாரும் டக் டக்கென்று ஓடி ஓடி நின்றது.

நெட்டில் கிடைத்த எண்ணுக்குப் போன் போட்டோம். வந்தவர் மீட்டர் வைக்கவில்லை, ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. மோட்டார் மேல் கையை வைத்துவிட்டு, “காயில் போச்சு சார், புதுசுதான் போடணும்” என்றார். காயில் என்றால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று. காயில் போன மோட்டார் எப்படி ஓடுகிறது என்று என் மனைவி கேட்டதற்கு, “இன்னைக்கு ஓடும் மேடம், நாளைக்கு நின்னுடும்” என்று பதில். புது பம்ப், கூலி எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். பில் கேட்டால், “ஜிஎஸ்டி போட்டா இன்னும் ஏறும்.” பழைய பம்பை எக்ஸ்சேஞ்ச் என்று தூக்கிக்கொண்டு போனார், அதற்கு ஒரு பைசா கழிக்கவில்லை.

அந்த வாரமே மறுபடி அதே டக் டக். கூப்பிட்டால், “அது வேற கம்ப்ளைன்ட், விசிட்டிங் சார்ஜ் 500” என்றார். அதன் பிறகு போனையே எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்கு வரும் பிளம்பர் அண்ணன் பம்பைத் தொடவே இல்லை. டேங்கின் காற்று வால்வு மூடியைத் திருகி, நடுவிலிருக்கும் ஊசியை நகத்தால் அழுத்தினார். காற்று வர வேண்டிய இடத்தில் தண்ணீர் பீய்ச்சியது. உள்ளே இருக்கும் ரப்பர் பை கிழிந்திருக்கிறது! அழுத்தத்தைத் தாங்கி வைக்கக் காற்றே இல்லாததால்தான் மோட்டார் நொடிக்கு நொடி ஓடியிருக்கிறது. பையை மாற்ற ஆயிரத்துச் சொச்சம் ஆனது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஆனால் முதலில் அந்த ஊசியை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் பை நன்றாக இருக்கலாம், காற்று மட்டும் குறைந்திருக்கும். ஸ்விட்சை அணைத்து, குழாயைத் திறந்து தண்ணீரை வடித்த பிறகு டயர் கேஜால் அளக்க வேண்டும். மோட்டார் 20 பிஎஸ்ஐயில் (டயருக்குக் காற்று அளக்கும் அதே அளவு) ஆன் ஆகும் என்றால் டேங்கில் காற்று 18 இருக்க வேண்டும். குறைந்திருந்தால் காற்றடிக்க சைக்கிள் பம்பே போதும். எல்லாக் குழாயும் மூடியிருந்தும் மோட்டார் அவ்வப்போது ஓடினால் எங்கேயோ கசிவு, இல்லையென்றால் தண்ணீரைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை. ஒரே ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் குறைந்தால் அதன் வாயிலுள்ள வலையில் உப்பு அடைத்திருக்கும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பில் இல்லாததால் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் இணைத்தேன்.