1000 மில்லிகிராம் வைட்டமின் சி: ஒரு குழாய் மாத்திரை தீர்ந்த பிறகு

தண்ணீரில் போட்டதும் சுர்ரென்று நுரைத்து, அடியில் கொஞ்சம் ஆரஞ்சு வண்டல் தங்கும் மாத்திரை. சுவை நன்றாகவே இருக்கிறது. ஆனால் வெறும் வயிற்றில் குடித்த இரண்டு நாளும் நெஞ்செரிச்சல். சளியும் எப்போதும் போல வந்து, எப்போதும் போலத்தான் போனது.

வாங்கியதே அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் மேல் இருந்த மரியாதையில்தான். அரிவாள் செல் சோகைக்கு ஹீமோகுளோபின் மூலக்கூறின் கோளாறே காரணம் என்று 1949இல் காட்டியவர்; யாரோடும் பங்கிடாமல் இரண்டு நோபல் பரிசு பெற்றவர். 1970 முதல் சளிக்கு, அப்புறம் புற்றுநோய்க்கும் வைட்டமின் சி என்று ஓயாமல் வாதிட்டார். 1979, 1985 என இரண்டு முறை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை சோதித்தும் புற்றுநோயில் பலன் தெரியவில்லை. அவர் கடைசிவரை ஏற்கவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்.

நாளுக்கு 90 மில்லிகிராம் போதும், சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். மறுபடி வாங்க மாட்டேன்.