மதர்போர்டு மாற்றிய பிறகு நெட் வரவில்லை என்றால், ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்ய விடாதீர்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் டிடிபி, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். கடையின் முக்கியமான கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக ஒன்பது வருடமாக உபுண்டு என்ற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்தான் ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகைகள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள், பள்ளி வினாத்தாள்கள் எல்லாமே அதில்தான் இருக்கின்றன. மற்ற இரண்டு கணினிகளும் பிரிண்ட் எடுப்பதற்கு இதைத்தான் தேடி வரும். அத்தனையையும் ஒரு சர்வீஸ் கடையில் அழித்திருப்பார்கள். இனி யாருக்கும் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் கடைக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் கரண்ட் வந்து வந்து போனதில் மதர்போர்டு போய்விட்டது. கடலூரில் கேட்ட இரண்டு இடங்களிலும் பத்து நாள் ஆகும் என்றார்கள். அரையாண்டுத் தேர்வு வேலை கையில் இருந்ததால் சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு பாண்டிக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

மறுநாள் போனபோது போர்டு மாற்றியிருந்தார்கள், 3,800 ரூபாய். உபுண்டு ஒழுங்காக ஏறியது, என் ஃபைல்கள் எல்லாம் இருந்தன. நெட் மட்டும் வரவில்லை. "அக்கா, இந்த போர்டோட லேன் லினக்ஸுக்கு செட் ஆகாது, தனி கார்டு போடணும்" என்றார் அங்கிருந்த தம்பி. லேன் என்றால் நெட் கேபிள் செருகும் இணைப்பு. 1,450 ரூபாய்க்கு ஒரு கார்டைச் செருகினார். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் போட 700 என்றார். அப்போதும் நெட் வரவில்லை. கடைசியில், "லினக்ஸே வேண்டாம்க்கா, ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுடலாம், 1,200 கொடுங்க" என்றார். ஒரிஜினல் விண்டோஸா என்று கேட்டேன். பதில் இல்லை. ஃபைல்களை எங்கே எடுத்து வைப்பீர்கள் என்று கேட்டதற்கு, முக்கியமானதை மட்டும் பென்டிரைவில் கொடுங்கள் என்றார். ஒன்பது வருட வேலையில் எதை முக்கியம் இல்லை என்று சொல்வது? அதற்குமேல் எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லி, அதுவரை ஆன பணத்தைக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பழைய போர்டைக் கேட்டேன். ஸ்கிராப்பில் போட்டாச்சு என்றார்கள். அது என் பொருள், என்னைக் கேட்கவே இல்லை.

அன்று இரவு காரைக்காலில் படிக்கும் அக்கா மகனுக்கு போன் போட்டேன். அவன் முதலில் கேட்டது, "சித்தி, கேபிள் செருகுற இடத்துல லைட் எரியுதா?" எரிந்தது. போர்டில் இருந்த லேன் போர்ட்டில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. அப்படியென்றால் லேனில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு என்றான். அடுத்து, கட்டளைகளை அடிக்கும் டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ -கே' அடிக்கச் சொன்னான், போர்டில் என்ன சிப், அதற்கு எந்த டிரைவர் என்று அது காட்டும். ரியல்டெக் சிப், அதற்கு 'ஆர்8169' என்ற டிரைவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று வந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வரும் டிரைவர் அது. 700 ரூபாய் வாங்கிக்கொண்டு அவர்கள் எதைப் போட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பிறகு, லேனின் பெயரைக் காட்டும் 'ஐபி லிங்க்' என்ற கட்டளையை அடித்தேன். பிரச்சினை அங்கேதான் இருந்தது. பழைய போர்டில் லேனுக்கு 'இஎன்பி2எஸ்0' என்று பெயர். புதிய போர்டில் அது 'இஎன்பி4எஸ்0' ஆகியிருந்தது.

2013 முதல் லினக்ஸில் லேன் கார்டுக்கு அது போர்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்துப் பெயர் வைக்கும் முறை வந்தது. இஎன் என்றால் ஈதர்நெட், பி பக்கத்தில் இருப்பது பஸ் (போர்டுக்குள் தகவல் போகும் பாதை) எண், எஸ் பக்கத்தில் இருப்பது ஸ்லாட் எண். போர்டு மாறினால் இடம் மாறும், பெயரும் மாறும். சாதாரணமாக உபுண்டு டெஸ்க்டாப் இதைத் தானே சமாளித்துவிடும். எங்கள் கடையில் மற்ற கணினிகள் பிரிண்டருக்காக இதைத் தேடி வருவதால், அக்கா மகன் முன்பே, நெட்வொர்க் அமைப்பு இருக்கும் நெட்பிளான் ஃபைலில் மாறாத நெட்வொர்க் முகவரி ஒன்றை எழுதி வைத்திருந்தான். அதில் பழைய பெயரே இருந்தது. இல்லாத பெயருக்கு முகவரி கொடுத்தால் நெட் எப்படி வரும்?

இன்னொன்று கேட்டதும்தான் எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் செருகிய கார்டு நடுவில் ஒரு பஸ் எண்ணைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கார்டைக் கழற்றியதும் போர்டில் இருந்த லேன் 'இஎன்பி3எஸ்0' என்று காட்டியது. அதாவது 1,450 ரூபாய் வாங்கிக்கொண்டு பெயரை இன்னொரு தடவை மாற்றிவிட்டிருக்கிறார்கள். கழற்றுவதற்கு முன், லேன் வேகத்தைக் காட்டும் 'ஈத்டூல்' வைத்துப் பார்த்ததில், பில்லில் ஜிகாபிட் (அதாவது 1,000 எம்பிபிஎஸ்) என்று எழுதியிருந்த கார்டு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது என்றும் தெரிந்தது.

திருத்தம் ஒரே ஒரு வரிதான். எங்களிடம் ஒரே ஒரு லேன் இருப்பதால், பெயர் இஎன் என்று தொடங்கினால் போதும், இந்த முகவரியைக் கொடு என்று எழுதச் சொன்னான். அடுத்த முறை போர்டு மாறினாலும் தொல்லை இருக்காது. 'நெட்பிளான் ட்ரை' என்று கொடுத்தால், சரி என்று நாம் சொல்லாவிட்டால் 120 விநாடியில் பழைய நிலைக்கே திரும்பிவிடும், பயப்படாமல் செய்யலாம் என்றான். செய்தேன். நெட் வந்தது, பிரிண்டரும் வந்தது. எல்லாம் சேர்த்து பத்து நிமிடம்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். லினக்ஸில் லேன் எடுக்காத போர்டுகளும் உண்டு. புதிய போர்டுகளில் வரும் ரியல்டெக் 8125 என்ற 2.5 ஜிகாபிட் சிப்புக்கு கெர்னல் 5.4 வந்த பிறகுதான் ஆதரவு சேர்ந்தது. உபுண்டு 18.04 முதலில் வந்தபோது இருந்த 4.15 கெர்னலில் அந்த சிப் வேலை செய்யாது. அப்போதும் ஃபார்மட் செய்யத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் நெட் கிடைத்துவிடும், அதை வைத்துப் புதிய கெர்னல் ஏற்றிக்கொள்ளலாம்.

கடைக்காரர் லேன் சரியில்லை என்று சொன்னால், ஒரு பென்டிரைவில் உபுண்டுவைப் போட்டு அதிலிருந்து கணினியை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஹார்டு டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். அதில் நெட் வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது, உங்கள் கணினியின் அமைப்பில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் கார்டுக்குப் பணம் கொடுத்திருக்க மாட்டேன். சிபியூவைக் கொடுக்கும்போதே பழைய போர்டு திரும்ப வேண்டும், கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். நான் வாய் வார்த்தையாகக்கூடச் சொல்லவில்லை.

கார்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். டிரைவர் போட்ட 700 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். கார்டுக்கு மட்டும் மாட்டேன் என்கிறார்கள், பிரித்த பொருளாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். கார்டையும் ஜிகாபிட் என்று எழுதிய பில்லையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன். பணம் வந்தாலும் வராவிட்டாலும் இங்கேயே எழுதுகிறேன்.