யாகுட்ஸ்க்கா, ஹார்பினா, உலான்பாத்தரா: எந்த ஊர்க் குளிர் பெரிது?

ஜூலை இங்கே குளிர்காலம், அப்போது தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் இட்லி மாவு தானாகப் புளிக்காது. ராத்திரி அரைத்து வைத்தது காலையில் வைத்தபடியே கிடக்கும். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, ஓவனுக்குள் வைத்து, உள்விளக்கைப் போட்டுவிட்டுத்தான் நான் படுக்கப் போவேன். இன்று காலை ஹாலில் இருக்கும் வெப்பமானி 11 டிகிரி காட்டியது. வீட்டுக்குள்ளேயே 11.

போன வாரம் மெல்ரோஸ் முருகன் கோயிலில் பூஜை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது இந்தப் பேச்சு வந்தது. உலகத்திலேயே குளிர் அதிகமான பெரிய நகரம் எது? புறநகர் லெனேசியாவிலிருந்து வரும் அக்காவின் மகன் கனடாவில் வின்னிபெக்கில் இருக்கிறான். அவருக்கு வின்னிபெக்தான். சீனாவின் ஹார்பினில் மருத்துவம் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு ஹார்பின். ரஷ்யாவின் சைபீரியாவில் இருக்கும் யாகுட்ஸ்க் என்று நான் சொல்ல, "அது ஒரு சின்ன ஊர்தானே அக்கா" என்றாள் அவள். அவள் கேட்டது சரிதான். 'பெரிய நகரம்' என்றால் எவ்வளவு பெரியது என்று முடிவு செய்யாமல் இதைப் பேசவே முடியாது.

வின்னிபெக்கை முதலில் பார்த்துவிடலாம். ஏழு லட்சத்துக்கு மேல் மக்கள், ஜனவரி சராசரி மைனஸ் 16 சுமார். அங்கே ஆளை வாட்டுவது காற்று. மைனஸ் 20ல் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 33 போல உறைக்கும். அக்காவின் மகன் போனில் சொல்வது இந்தக் கணக்குத்தான். வெப்பமானி மட்டும் மைனஸ் 20லேயே நிற்கும். கஜகஸ்தானின் அஸ்தானாவும் இதே வகை: பத்து லட்சத்தைத் தாண்டிய தலைநகரம், புல்வெளிக் காற்று, ஜனவரி சராசரி மைனஸ் 14 அளவில். இரண்டுமே கடினமான ஊர்கள்தான், ஆனால் முதலிடத்துக்கு வராது. பதினாறு லட்சம் பேர் வாழும் ரஷ்ய நகரம் நோவோசிபிர்ஸ்க்கும் ஏறக்குறைய வின்னிபெக் அளவுதான்.

ஹார்பின் கதை வேறு. நகரப் பகுதியில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் மக்கள். இவ்வளவு பெரிய ஊர் ஒன்று மைனஸ் 17, 18 என்ற ஜனவரி சராசரியில் இயங்குகிறது. டிசம்பரில் சொங்ஹுவா ஆறு உறைந்ததும் அதிலிருந்து பனிக்கட்டிப் பாளங்களை அறுத்து எடுத்துக் கோபுரங்களாகவும் மாளிகைகளாகவும் கட்டி, உள்ளே விளக்கு வைக்கிறார்கள். 1985 முதல் அது பெரிய திருவிழாவாகவே நடக்கிறது. ஆனால் அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு விஷயம். ஹாஸ்டலில் ஜனவரியிலும் மெல்லிய சட்டையோடுதான் தூங்கினாளாம். வடசீன நகரங்களில் அக்டோபரிலோ நவம்பரிலோ ஊர் முழுவதற்குமாக வெந்நீர்க் குழாய்ச் சூடு வந்துவிடும். தெற்கே ஷாங்காயில் அந்த ஏற்பாடு இல்லை. வெளியே 5 டிகிரிதான் என்றாலும் ஜனங்கள் வீட்டுக்குள் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு என் ஹால் ஞாபகம்தான் வந்தது.

யாகுட்ஸ்க்கை டிகிரிக் கணக்கில் யாரும் அசைக்க முடியாது. மூன்றரை லட்சம் பேர். ஜனவரி சராசரி மைனஸ் 37ஐ ஒட்டி இருக்கும். 1891 பிப்ரவரியில் மைனஸ் 64.4 பதிவாகியிருக்கிறது. தரைக்கு அடியிலும் பனிதான். ஷெர்கின் என்ற வணிகர் 1828ல் ஒரு கிணறு வெட்டத் தொடங்கினார். பத்து வருஷத்தில் 116 மீட்டர் இறங்கியும் உறைந்த மண் முடியவில்லை. வீட்டின் சூடு பட்டால் அந்த மண் இளகிக் கட்டடம் சாய்ந்துவிடும் என்பதால், அடுக்குமாடிகளைத் தூண்கள்மேல் தூக்கிக் கட்டுகிறார்கள். அடியில் குளிர்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். குழாய்களைப் புதைக்க வழியில்லாததால் அவை தெருவோரமாக, சாலை வந்தால் அதன் தலைக்கு மேலாகப் போகின்றன. சந்தையில் மீன்களை விறகுக்கட்டைபோல நிமிர்த்தி நட்டு வைத்து விற்கிறார்கள். ஐஸ் பெட்டியே தேவையில்லை. லேனா ஆறு உறைந்தால் அதன்மேலேயே லாரி போகும். (இன்னும் வடக்கே இருக்கும் நோரில்ஸ்க் ஆண்டுச் சராசரியில் யாகுட்ஸ்க்கோடு போட்டி போடும். ஆனால் ஜனவரியில் பத்து டிகிரி பின்தங்கிவிடும், மக்களும் இரண்டு லட்சத்துக்குக் குறைவு.)

அப்படியென்றால் யாகுட்ஸ்க்தானே? லட்சங்களில் எண்ணினால் ஆமாம். பத்து லட்சம் என்று கோடு போட்டால் மங்கோலியாவின் தலைநகரம் உலான்பாத்தர் முன்னே வந்துவிடுகிறது. நான் கடைசியில் நின்றதும் அந்த ஊரில்தான், மக்கள்தொகையை மட்டும் பார்த்து அல்ல.

பதினைந்து லட்சத்துக்கு மேல் மக்கள், ஜனவரி சராசரி மைனஸ் 21, 22. உலகின் தலைநகரங்களில் இதைவிடக் குளிரானது கிடையாது. ஏன் இவ்வளவு குளிர் என்பது ஹைவெல்ட் என்ற நம் மேட்டுநிலத்துக்காரர்களுக்கு எளிதில் புரியும். கடல் வெகு தூரம், ஊர் 1,300 மீட்டர் உயரம், குளிர்காலத்தில் மேகமில்லாத வறண்ட வானம். பகல் சூடு ராத்திரியானதும் அப்படியே மேலே போய்விடும். ஜோகன்னஸ்பர்க் இன்னும் உயரத்தில், 1,750 மீட்டரில் இருக்கிறது. நம் ஜூலை ராத்திரிகள் சில்லிடுவதும் இந்த விதத்தில்தான். அங்கே கூடுதலாக சைபீரிய உயரழுத்தம், அதாவது குளிர்காலத்தில் தேங்கும் கனத்த குளிர்காற்று, மூடிபோல மேலே உட்கார்ந்துவிடுகிறது.

மூடியின் கீழே புகை. நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மலைச்சரிவுகளில் 'கெர்' கூடாரங்களிலும் சிறு வீடுகளிலும் இருக்கிறார்கள். நகரத்தின் வெந்நீர்க் குழாய்கள் அங்கே எட்டவில்லை. நடுவில் ஓர் அடுப்பு, அதில் நிலக்கரி. 2019 மே மாதம் கச்சா நிலக்கரியைத் தடை செய்து, பதப்படுத்திய கரிக்கட்டிகளைக் கொடுத்தார்கள். புகை குறைந்தது. ஆனால் புதிய கரியைப் பழகாமல் எரித்ததில் கார்பன் மோனாக்சைடு தாக்கி உயிர்களும் போயின. ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோ பக்கம் குளிர்கால மாலைகளில் கரிப்புகை தரையோடு தரையாகப் படிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் தெரியும். இங்கே 'பாசா ஞெங்கோ மகோகோ', அதாவது பாட்டி மூட்டுகிற மாதிரி மூட்டு, என்று ஒரு முறையைப் பரப்பினார்கள். கரியைக் கீழே போட்டு, மேலே காகிதமும் குச்சியும் வைத்துப் பற்றவைத்தால், எழும்பும் புகை தீயைத் தாண்டும்போதே எரிந்துவிடும். நல்ல முறை. என்றாலும் குளிரில் எழுந்து அடுப்பு மூட்ட ஓர் ஆள் வேண்டும்.

என் அளவுகோல் அதுதான். மைனஸ் 40 ஆனாலும் யாகுட்ஸ்க் அடுக்குமாடிக்காரர் கதவைச் சாத்திவிட்டு வெதுவெதுப்பில் தூங்கலாம். உலான்பாத்தர் மலைச்சரிவில் அடுப்பு அணைந்தால் கூடாரம் சீக்கிரமே விறைத்துப்போகும், நடுராத்திரி யாராவது எழுந்து கரி போட்டே ஆகவேண்டும். அதனால் என் ஓட்டு உலான்பாத்தருக்கு.

இதை லெனேசியா அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். வின்னிபெக்குக்காக மல்லுக்கட்டுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ஜோகன்னஸ்பர்க்கின் ஃபோர்ட்ஸ்பர்க்கில் தாங்கள் இருந்த காலத்தில் தன் ஆயா (பாட்டி) விடிய நான்கு மணிக்கு எழுந்து கரியடுப்பை மூட்டுவார், அது சூடாகும்வரை பிள்ளைகளைப் போர்வையை விட்டு இறங்க விடமாட்டார் என்றார். "நாங்க எழுந்திரிக்கிறப்போ சமையல்கட்டு மட்டும் சூடா இருக்கும். ஆயா கை மட்டும் சில்லுன்னு இருக்கும்."