குன்னூர் மீன்கடையில் ‘சால்மன்’: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

குன்னூரில் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு மீன்கடையில் ஓராண்டாக மீன் வாங்கி வருகிறேன். கீழே ஒரு குறையையும் எழுத வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். மேட்டுப்பாளையம் வழியாக விடியற்காலையில் ஏறி வரும் சரக்கு ஐஸ் கரையாமல் வந்து சேர்கிறது, செவுள் சிவந்திருக்கிறது, செதில் நீக்கித் துண்டு போடும் கை நிதானமானது. மத்தி, அயிலை, விளைமீன் ஆகியவற்றில் இதுவரை ஒருமுறைகூட ஏமாந்ததில்லை.

நான் எழுத வந்தது சால்மனைப் பற்றி. சுற்றுலா விடுதிகளின் தேவைக்காக இந்தக் கடையில் அது எப்போதும் இருக்கிறது. முதல் நாளே கவனித்த ஒன்று: அந்த ஒரே பெயரில் இரண்டு மீன்கள் விற்கின்றன. வெள்ளியாக மின்னி, மார்புத் துடுப்புக்குக் கீழே நான்கு மெல்லிய இழைகள் தொங்கும் முழு மீன் நம் கடற்கரை மக்கள் ‘காலா’ என்று அழைப்பது. இந்தியன் சால்மன் என்ற வணிகப் பெயர் அதற்கு உண்டு என்றாலும், சால்மன் குடும்பத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. மற்றொன்று உறைபெட்டியில் இருக்கும் ஆரஞ்சு நிறத் துண்டு. சால்மனின் உண்மையான உறவை நீலகிரியில் தேடுபவர்கள் அவலாஞ்சிக்குத்தான் போக வேண்டும், 1907-இல் எச். சி. வில்சன் நிறுவிய குஞ்சுபொரிப்பகத்தில் வளரும் வானவில் டிரவுட், பசிபிக் சால்மன்கள் அடங்கிய அதே பேரினத்தைச் சேர்ந்தது.

துண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, கடைக்காரர் பெட்டியின் அட்டையையே வெளியே எடுத்து நீட்டினார். “சார், இது நார்வே மீன். கடல்ல கூண்டு போட்டு வளர்க்கிறது. ஆத்துல பிடிச்ச மீன் எங்ககிட்ட வராது,” என்றார். நான் இந்தக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போவதற்கு அந்தப் பதில்தான் முதல் காரணம்.

நார்வேயில் கூண்டில் வளர்க்கும் இந்த மீன் அட்லாண்டிக் சால்மன். இயற்கையில் அது ஆற்றின் கூழாங்கல் படுகையில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் வளர்ந்து கடலுக்குப் போய், முட்டையிட மீண்டும் பிறந்த ஆற்றுக்கே திரும்புகின்றன. எனவே ஓர் ஆற்றின் வாயில் வலை கட்டுபவர் அந்த ஆற்றின் அடுத்த தலைமுறையையே பிடிக்கிறார். 2006-க்கும் 2020-க்கும் இடையில் உலகளவில் இதன் எண்ணிக்கை 23 விழுக்காடு குறைந்ததாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2023-இல் அறிவித்து, இந்த இனத்தை ‘அச்சுறுத்தலுக்கு அருகில்’ என்ற நிலைக்கு நகர்த்தியது. அணைகள், வெப்பமேறும் நீர், வளர்ப்புக் கூண்டுகளிலிருந்து பரவும் கடல் பேன் என்ற ஒட்டுண்ணி, தப்பி ஓடும் வளர்ப்பு மீன் காட்டு மீனுடன் கலப்பது, மீன்பிடிப்பு எனக் காரணங்கள் பல. இவற்றில் உடனே கட்டுப்படுத்தக்கூடியது மீன்பிடிப்பு மட்டுமே என்பதால் சட்டம் முதலில் அங்கேதான் கை வைக்கிறது.

அயர்லாந்து 2007 முதல் கடலில் மிதவை வலையால் சால்மன் பிடிப்பதை நிறுத்தியது. ஸ்காட்லாந்தில் தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பது 2002-இலேயே தடை செய்யப்பட்டது. அனுமதி உள்ள ஆற்றில் பிடிப்பவர் உண்ணலாம், அல்லது ஆற்றிலேயே விடலாம், சந்தைக்குக் கொண்டுவர முடியாது. சந்தையைத் தொட்ட இந்த விதியே எனக்கு மிகக் கூர்மையானதாகப் படுகிறது, ஏனெனில் விலை கிடைக்காத இடத்தில் திருட்டுப் பிடிப்புக்கும் உந்துதல் குறைகிறது. நார்வே 2024 ஜூனில், மீன்பிடிப் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பை நிறுத்தியது. அதே ஆண்டு, கனடாவிலிருந்து அலாஸ்கா வழியாக ஓடும் யூக்கான் ஆற்றில் சினூக் என்ற பசிபிக் சால்மனைப் பிடிப்பதை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்க அலாஸ்காவும் கனடாவும் உடன்பட்டன. ஏழு ஆண்டு என்பது அந்த மீனின் ஒரு முழு வாழ்க்கைச் சுற்று. அந்த ஆற்றை நம்பி வாழும் பழங்குடி மக்களுக்கு அது எத்தனை பெரிய இழப்பு என்பதை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி வைக்கும் நம் கிழக்குக் கடற்கரைக் குடும்பங்கள் ஓரளவு உணர்வார்கள்.

இப்போது குறை. தடைக்காலத்தில் சரக்குக் குறைந்திருந்த ஒரு சனிக்கிழமை, கடைப் பலகையில் ‘ஆற்று சால்மன்’ என்று எழுதி, அதற்குக் கூடுதல் விலையும் போட்டிருந்தார்கள். துண்டு என்னவோ அதே நார்வே கூண்டு மீன்தான். வளர்ப்பு மீனை ஆற்று மீன் என்று சொன்னால் வாங்குபவர் ஏமாறுவது ஒருபுறம். ஆற்றில் இன்னும் மீன் தாராளமாகக் கிடைக்கிறது என்ற பொய்யும் அதோடு பரவுகிறது. கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, புதிதாகச் சேர்ந்த பையன் எழுதியது என்று விளக்கினார். மறுவாரம் பலகையில் ‘வளர்ப்பு சால்மன், நார்வே’ என்று இருந்தது. விலையும் பழையபடி இறங்கியிருந்தது.

அன்றிலிருந்து பலகை சரியாகவே இருக்கிறது. ஆனால் பில்லில் காலாவும் துண்டும் இன்னும் ‘சால்மன்’ என்றே அச்சாகின்றன. பில் இயந்திரத்தில் பெயரை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சுத்தம், மீனின் புதுத்தன்மை, பதில் சொல்லும் நேர்மை ஆகியவற்றுக்காக ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். மீதமுள்ள ஒன்றை அந்தப் பில்லுக்காக வைத்திருக்கிறேன். காலா வேண்டுமானால் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு விடுதிக்காரர்கள் வந்த பிறகு நல்ல அளவு மீன் மிஞ்சுவதில்லை.