"ராணுவ முகாம் வாசல் வரை டெலிவரி" என்றால் நம்பாதீர்கள்: 8,350 ரூபாயும் ஆத்தாவின் பலகாரமும் போயின

நேற்று மாலைதான் உறுதியாகத் தெரிந்தது. ஆத்தா மூன்று நாள் அடுப்படியில் நின்று சுட்ட பலகாரம் லடாக்கில் இருக்கும் என் தம்பிக்குப் போய்ச் சேராது. நான் கட்டிய 8,350 ரூபாயும் திரும்பி வராது. இரவெல்லாம் தூக்கமில்லை. பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிறைய உண்டு. இன்னொரு வீடு ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி உயிர்நீத்த நாளிலிருந்தே ஆத்தா பாதி உயிராகத்தான் இருக்கிறாள். 2025 மே 7 முதல் 10 வரை பாகிஸ்தானோடு சண்டை நடந்த நான்கு நாளும் தம்பியிடமிருந்து ஓர் அழைப்பு இல்லை. டிவி முன்னால் முற்றத்துத் தூணில் சாய்ந்தபடியே கிடந்தாள். சண்டை நின்ற பிறகு அவன் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. "சாப்பிட்டாயா ஆத்தா?" என்று அவன் கேட்க, "நீ சாப்பிட்டாயா?" என்று இவள் கேட்க, அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காததுதான் அவளை அடுப்படிக்குத் துரத்தியது.

சீப்புச்சீடை, மணகோலம், கைமுறுக்கு, மாவுருண்டை. தோள்வலியோடு எல்லாம் அவளே சுட்டாள். பெரிய டின்னில் அடுக்கி, மேலே கொப்புடையம்மன் கோயில் குங்குமப் பொட்டலம் ஒன்றை வைத்தாள். மொத்தம் 11 கிலோ. வழக்கமாகத் தபால் நிலையத்தில்தான் அனுப்புவோம். சென்ற முறை போய்ச் சேர நாளாகிவிட்டது, முறுக்கெல்லாம் பொடியாகியிருந்தது. "பொடியானால் என்ன அக்கா, பஞ்சாபிக்காரரும் மணிப்பூர்க்காரரும் என்னோடு உட்கார்ந்து கரண்டியால் அள்ளித் தின்றார்கள்" என்று தம்பி சிரித்தான். ஆத்தாவுக்கு மனம் ஆறவில்லை. இந்த முறை முழு முறுக்காகப் போக வேண்டும் என்றாள்.

அதனால்தான் பஸ் நிலையத்துக்கு அருகில் இருக்கும் அந்தத் தனியார் கூரியர் முகவர் கடைக்குப் போனேன். பெயர் எழுதப் போவதில்லை. "ராணுவ முகாம் வாசல் வரை டெலிவரி" என்று பலகை வைத்திருந்தார்கள். தம்பி பட்டாளத்தில் இருக்கிறான் என்று நான் சொன்னதும் கல்லாவில் இருந்தவன் எழுந்து நின்றான். உட்கார நாற்காலி போட்டான். தன் பெரியப்பா மகனும் ராணுவம்தான் என்றான். அட்டைப்பெட்டிக்கு 60 ரூபாய் நீட்டினேன், கையைத் தள்ளிவிட்டான். "வேண்டாம் அக்கா. நம் எல்லைச்சாமிக்குப் போகிற பெட்டி. இதற்குக் காசு வாங்கினால் எனக்கு ஆகாது" என்றான்.

அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். ஊர் எல்லையில் ஐயனாரையும் கருப்பரையும் கும்பிட்டு வளர்ந்தவள் நான். எல்லைச்சாமி என்ற பிறகு ரசீதை எங்கே படிப்பது? கேட்ட 4,850 ரூபாயைக் கட்டினேன். ஆறே நாளில் சேரும் என்றான். "56 ஏபிஓ என்ற ராணுவ அஞ்சல் முகவரியை மட்டும் எழுதினால் எங்கள் ஆளுக்குத் தெரியாது, இருக்கும் இடத்தின் பெயரும் தம்பியின் எண்ணும் வேண்டும்" என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் ஓர் அழைப்பு. பெட்டி சண்டிகர் வந்துவிட்டதாம். முகாமுக்குள் கொண்டுபோக அனுமதிக் கட்டணம் 3,500 ரூபாயாம். பெட்டி சேர்ந்ததும் திருப்பித் தருவார்களாம். கடைக்காரனைக் கேட்டேன். "வழக்கம்தான் அக்கா, தைரியமாகக் கட்டுங்கள்" என்றான். கட்டினேன். ஆக மொத்தம் 8,350 ரூபாய்.

பிறகு தொடங்கியது அலைச்சல். பனி என்றான். சர்வர் வேலை செய்யவில்லை என்றான். தலைமை அலுவலகத்தைக் கேளுங்கள் என்றான். அந்த எண்ணில் பாட்டுத்தான் ஓடியது. நேரில் போனால் எழுந்து நிற்க ஆளில்லை, நாற்காலியும் இல்லை. இருபத்து நான்காம் நாள் கேட்டானே ஒரு கேள்வி: "உங்கள் தம்பி ஒரு நாள் சண்டிகர் வந்து எடுத்துக்கொண்டால் என்ன?" பனிமலையில் காவல் நிற்கிறவன் முறுக்குப் பெட்டிக்காக இறங்கி வர வேண்டுமாம்! அப்போதுதான் ரசீதை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். சேருமிடம்: சண்டிகர். அடியில் பொடி எழுத்தில், உணவுப் பொருளுக்குப் பொறுப்பில்லை.

தம்பியிடம் நேற்றுச் சொன்னேன். பணத்தைப் பற்றி அவன் பேசவே இல்லை. "இடத்தின் பெயரை எதற்கு அக்கா எழுதிக் கொடுத்தாய்?" என்று கேட்டான். அவன் குரல் அப்படிக் கடுமையாக நான் கேட்டதில்லை. எந்தப் பிரிவு எங்கே நிற்கிறது என்பது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் 56 ஏபிஓ என்ற முகவரியே இருக்கிறது. 56 என்றால் டெல்லியில் உள்ள ராணுவ அஞ்சல் தளம் வழியாகவும், 99 என்றால் கொல்கத்தாத் தளம் வழியாகவும் போகும். அங்கிருந்து பிரித்துக் கொண்டுபோவது ராணுவத்தின் சொந்த அஞ்சல் படை; 1972 மார்ச் 1 முதல் அது தனிப் படைப்பிரிவு. அந்த முகவரிக்குத் தனியார் கூரியர் போகவே முடியாது. கார்கில் சண்டையின்போது, 1999இல், சித்தப்பாவின் கடிதங்கள் இந்த 56 ஏபிஓ முகவரியோடுதான் எங்கள் வீட்டுக்கு வந்தன. நாளானாலும் வந்து சேர்ந்தன. அதைப் பார்த்து வளர்ந்தும் புத்தி போயிற்றே என்றுதான் வயிறு எரிகிறது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, முடிந்ததைச் சொல்கிறேன். தபால் நிலையம் தவிர வேறெங்கும் கொடுக்காதீர்கள். படை எண், பதவி, பெயர், பிரிவு, 9இல் தொடங்கும் பின்கோடு, ஏபிஓ எண், அவ்வளவுதான் முகவரி. ஊர்ப் பெயர் கூடாது. முகாமுக்குள் நுழையக் கட்டணம் என்று எவன் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். நான் தாமதமாக அழைத்தேன். ரசீதைக் கடையிலேயே நின்று படியுங்கள்.

ஆத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று காலை கடைசியாக ஒருமுறை அந்தக் கடைக்காரனை அழைத்தேன். 8,350 ரூபாயைக்கூடக் கேட்கவில்லை. "பெட்டி சண்டிகரில் இருப்பது உண்மையானால், கெட்டுப்போகும் முன் அங்கே நிற்கும் ஏதாவது ஒரு ஜவானிடமாவது கொடுக்கச் சொல்" என்றேன். வைத்துவிட்டான்.