கோல்ட் ரீஃப் சிட்டி: இருக்கும் இரண்டும், வரவேண்டிய ஒன்றும்

கேப் டவுனின் ரட்டாங்கா ஜங்ஷன் கேளிக்கைப் பூங்கா 2018-இல் மூடப்பட்டபோது அங்கிருந்த கோப்ரா ரோலர் கோஸ்டரும் போயிற்று. அதன்பின் தென்னாப்பிரிக்காவில் ரோலர் கோஸ்டர் பித்துப் பிடித்தவர்கள் எல்லோரும் பார்ப்பது ஜோகன்னஸ்பர்க்கின் கோல்ட் ரீஃப் சிட்டி பூங்காவைத்தான். ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாக்காரர்களுக்கு இது பக்கத்து ஊர். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து வருபவர்களுக்கு என்3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேர ஓட்டம். இரண்டு ஊர்க்காரர்களும் கேட்பது ஒன்றே: "புதுசு எப்போ வரும்? எவ்வளவு உயரம் இருக்கும்?" முதல் கேள்வி நியாயமானது. இரண்டாவதுதான் தப்பு. ஏன் என்பது அங்குள்ள பெரிய ரைடுகளான டவர் ஆஃப் டெரர், அனகோண்டா இரண்டிலும் ஏறி இறங்கினால் விளங்கும்.

டவர் ஆஃப் டெரர் 2001-இல் வந்தது. வண்டியை மேலே தூக்கி, விளிம்பில் கவிழ்த்து, பழைய சுரங்கக் குழிக்குள் செங்குத்தாக விடும். தரைக்குக் கீழேயும் விழுவதால் கோபுரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம். இதன் புகழ் 6.3 ஜி, அதாவது உடல் எடையைப்போல 6.3 மடங்கு அழுத்தம். 60 கிலோ ஆள் அந்த நொடியில் 378 கிலோவாக உணர்கிறார். இதற்குக் காரணம் உயரம் அல்ல, அடியில் இருக்கும் வளைவு. இதன் வேகம் மணிக்கு 95 கி.மீ., அதாவது நொடிக்கு 26.4 மீட்டர். அந்த வேகத்தில் 6.3 ஜி வரவேண்டுமானால் வளைவின் ஆரம் ஏறக்குறைய 13 மீட்டர்தான். அதையே 24 மீட்டராக அகட்டினால் 4 ஜி-க்கு இறங்கிவிடும். குழிக்குள் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

ஆகவே ஏறுபவர்தான் சூதானமாக இருக்க வேண்டும். ஐந்து கிலோத் தலை அடிவளைவில் 31 கிலோவுக்கு மேல் கனக்கும். கீழே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தபடி விழுந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். தலையை இருக்கையில் ஒட்டி, முகத்தை நேரே வைத்து, தொடையையும் வயிற்றையும் இறுக்கிக்கொள்ள வேண்டும். இறுக்காவிட்டால் ரத்தம் கீழே இறங்கி, கண் ஒரு கணம் சாம்பல் பூத்துப்போகும். கழுத்து, முதுகு, இதயத்தில் தொந்தரவு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது. முழுதாக ஒரு மட்டன் பன்னி சௌவை (குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய கறிக்குழம்பு) முடித்துவிட்டு வரிசையில் நிற்பவர்களுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அனுபவமாகப் பார்த்தால், விளிம்பில் தொங்கும் நேரமும் விழும் சில நொடிகளும் பிரமாதம். அப்புறம் ஒன்றுமில்லை. ஒரே பல்லவி, சரணம் கிடையாது.

அனகோண்டா அப்படியல்ல. 1999-இல் திறந்தது, 34 மீட்டர் உயரம், மணிக்கு சுமார் 90 கி.மீ. தடம் தலைக்கு மேலே, கால்கள் அந்தரத்தில். செய்தது ஸ்விட்சர்லாந்தின் ஜோவனோலா. பின்னாளில் பெயர்பெற்ற ரோலர் கோஸ்டர் வடிவமைப்பாளர்களான பொலிஜே, மபில்லார் இருவரும் தனியாகக் கம்பெனி தொடங்குமுன் வேலை பார்த்த இடம் அது. அந்த நிறுவனம் இன்று இல்லை. ஆதரிக்கத் தாய்க் கம்பெனி இல்லாத ரைடுக்கு உதிரி பாகம் தேடுவது எப்படி என்பது பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

முன்வரிசையில் காலுக்குக் கீழே வெறும் காற்று, காட்சிக்கு அதுதான். இழுவை வேண்டுமானால் கடைசி வரிசை: முன்பகுதி சரிந்ததும் பின்னால் இருப்பவர்களை வெடுக்கென்று இழுத்துப் போடும். தோளுக்கு மேலிருந்து இறங்கிப் பிடிக்கும் தோள் பூட்டு போட்ட எந்த ரைடிலும் காது இடிபடும் ஆபத்து உண்டு, குள்ளமானவர்களுக்குக் கூடுதலாக. ஒவ்வொரு தலைகீழ்ச் சுற்றுக்கும் முன் தலையைப் பின்னால் அழுத்திக்கொள்ளுங்கள். ஜிமிக்கியைக் கழற்றிப் பையில் போடுங்கள். செருப்பும் காலில் வேண்டாம்.

எப்போது போவது? குளிர்காலக் காலையில் சக்கரங்களும் கிரீசும் விறைத்திருக்கும், ஓட்டம் மந்தம். மதியம் சூடேறியதும் அதே தடம் வேறு முகம் காட்டும். கோடையில் இதைத் தலைகீழாக்குங்கள்: ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் பிற்பகல் இடிமழை வழக்கம், மின்னல் தெரிந்தால் ரைடு நின்றுவிடும். பெரிய ரைடுகளைப் பகல் உணவுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. பூங்கா எல்லா நாளும் திறந்திருக்கும் என்று நம்பி டர்பனிலிருந்து கிளம்பிவிடாதீர்கள். தேதியை முன்பே பாருங்கள். சிறுவர்களுக்கு உயர அளவுகோல் ரைடு வாசலிலேயே இருக்கிறது, கெஞ்சிப் பயனில்லை. ஏறாத ஆயா, தாத்தாவுக்கு அடுத்த வாசலிலேயே நிறவெறி ஆட்சிக் காலத்தைச் சொல்லும் அபார்த்தைட் அருங்காட்சியகம். அதற்கே அரைநாள் வேண்டும்.

இனி வரவேண்டியது. ரசிகர்களில் பலர் காந்த விசையால் எய்துவிடும் லாஞ்ச் ரைடு கேட்கிறார்கள். கணக்குப் பாருங்கள். எட்டு டன் வண்டியை 3 நொடியில் மணிக்கு 90 கி.மீ.க்குக் கொண்டுபோக, இழப்பைச் சேர்க்காமலே 830 கிலோவாட் தேவை. அதே வண்டியைச் சங்கிலியில் 34 மீட்டருக்கு 30 நொடியில் இழுத்தால் 90 கிலோவாட்டே போதும். லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டைப் பார்த்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல. லாஞ்ச் வைப்பதானால் மின்சாரத்தைச் சேமித்துத் தரும் ஏற்பாடும் கூடவே வேண்டும். சங்கிலி ஏற்றத்தில் மின்சாரம் போனாலும் டக்-டக் என்று சத்தம் போடும் அந்தப் பல்தான் வண்டியைப் பின்னால் உருளவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

என் ஓட்டு: 35 மீட்டருக்கு மேல் வேண்டாம், சங்கிலியே போதும். தோள் பூட்டுக்குப் பதில் மடியை மட்டும் பிடிக்கும் பூட்டு, உடம்பு இருக்கையை விட்டு எழும்படி ஆறேழு மேடுகள். இரண்டுமே மேலே சொன்ன இரண்டு ரைடிலும் கிடைக்காத சுகம். அதோடு கட்டாயம் இரண்டு வண்டிகள். இருபது பேர் ஏறும் ஒரே வண்டி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை புறப்பட்டால் மணிக்கு 400 பேர்தான். 600 பேர் நிற்கும் பள்ளி விடுமுறை வரிசையில் கடைசி ஆள் ஒன்றரை மணி நேரம் வெயிலில் காய வேண்டும்.